நெருப்பு போடும் மெருகு

அரைத்து முடித்த கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் வேடிக்கை தெரியும். அதுவரை வெளிறி மங்கிக் கிடந்த பரப்பில், தண்ணீர் பரவிய இடம் மட்டும் சட்டென்று தெளியும். உள்ளே புதைந்திருந்த நீலமும் பச்சையும் பளிச்சென்று தெரியும். துணியால் துடைத்தால் மறுபடியும் மங்கல்தான்.

நிறம் எங்கும் போய்விடவில்லை. வைரத்தூள் பதித்த அரவைச் சக்கரம் அந்தப் பரப்பில் ஆயிரக்கணக்கான நுண்குழிகளைத் தோண்டிவிட்டது. ஒவ்வொரு குழியும் ஒளியை ஒவ்வொரு பக்கம் சிதறடிப்பதால் கண்ணுக்கு வெறும் வெண்மைதான் எஞ்சுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கண்ணாடியினுடையது ஏறத்தாழ 1.5. இந்த வித்தியாசம் பெரிதாக இருப்பதால்தான் சிதறலும் அதிகம். 1.33 எண் கொண்ட தண்ணீர் குழிகளை நிரப்பியதும் வித்தியாசம் சுருங்குகிறது, சிதறலும் குறைகிறது. தண்ணீர் உலர்ந்துவிடும். அதற்குப் பதில் கண்ணாடியே உருகி வந்து அந்தக் குழிகளை நிரப்பினால் பளபளப்பு நிரந்தரமாகிவிடும். நெருப்பு மெருகு என்பது இதுதான்.

கேட்பதற்கு எளிது. செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. குழிகளை நிரப்பும் அளவுக்குக் கண்ணாடி இளகினால், பாடுபட்டு அரைத்துக் கொண்டுவந்த வடிவமும் சேர்ந்து இளகாதா? கூர்மையான முக்கோணத் தொங்கல் உள்ளே போய் உருண்டையாக வெளியே வந்தால் யாருக்கு என்ன லாபம்?

இந்தச் சிக்கலை அன்றாடம் சந்திப்பவர்கள் கண்ணாடிகளை ஒட்ட உருக்கி நகை செய்பவர்கள். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள நிறக் கண்ணாடித் தகடுகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மின்சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்தால் அவை ஒரே துண்டாகிவிடும். எந்தக் கண்ணாடியோடு எந்தக் கண்ணாடியையும் சேர்த்துவிட முடியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டு ஒரு டிகிரி சூட்டுக்கு 9 மைக்ரான் நீளும் வகையும், 9.6 மைக்ரான் நீளும் வகையும் ஒட்டிக்கொண்டால், ஆறும்போது ஒன்றையொன்று இழுத்து விரிசல் விட்டுவிடும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ போன்ற நிறுவனங்கள், ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்த நிறக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கலை சிறு பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் பரவியது.

சூளையிலிருந்து வரும் துண்டு அப்படியே நகையாகிவிடுவதில்லை. வைர ரம்பத்தால் அறுக்க வேண்டும், ஓரத்தை அரைக்க வேண்டும். பெரிய தட்டு என்றால் அதற்குப் பிறகு கைவேலையாகவே மெருகேற்றலாம்: 220 எண் உராய்வுத் தூள், பிறகு 400, அதன் பிறகு இன்னும் நுண்ணியவை, கடைசியில் கம்பளிச் சக்கரத்தில் சீரியம் ஆக்சைடு. விரல் நகம் அளவுள்ள காதணித் துண்டுக்கு இது ஒத்துவராது. பிடிக்க இடம் இல்லை. சக்கரத்தில் சிக்கிப் பறந்துவிடும். உராய்வுச் சூட்டில் வெடித்தும் போகும். 400 எண்ணோடு நிறுத்திக்கொண்டு நூறு துண்டுகளைத் தட்டில் பரப்பிச் சூளைக்குள் தள்ளினால் மிச்ச வேலையை வெப்பம் பார்த்துக்கொள்ளும்.

செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் வட்டாரத்து மணித் தொழிலில் இது நெடுநாள் வழக்கம். அங்கே எந்திரத்தில் பட்டை தீட்டிய கண்ணாடி மணிகளைக் கடைசியில் உலைச்சூட்டில் காட்டி எடுப்பார்கள். மணிக்கடைகளில் ‘ஃபயர் பாலிஷ்’ என்று கேட்டு வாங்குவது அவற்றைத்தான். பட்டைகள் பளபளக்கும், ஆனால் பட்டைகள் சந்திக்கும் முனை மட்டும் தொட்டால் கொஞ்சம் மழுங்கியிருக்கும். மேலே கேட்ட கேள்விக்கான விடை அந்தக் கொஞ்சத்தில் இருக்கிறது. குழிகள் முழுக்க மறைந்துவிட்டன, முனை சற்றே மழுங்கியது, மணியின் வடிவம் மாறவே இல்லை. மூன்றையும் தொட்டது ஒரே வெப்பம், ஒரே நேரம். பலன் மட்டும் வேறு வேறு.

காரணம், இங்கே இரண்டு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருவர் பரப்பு இழுவிசை. எந்தத் திரவமும் தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். மேட்டை அழுத்தும், பள்ளத்தை இழுத்து நிரப்பும். உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 நியூட்டன், அதாவது தண்ணீரைப் போல நான்கு மடங்கு. இந்த இழுவிசை தரும் அழுத்தம் வளைவின் ஆரத்துக்கு நேர்மாறானது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாமஸ் யங், லாப்லாஸ் இருவரும் காட்டிவிட்டார்கள். பத்து மைக்ரான் ஆரமுள்ள கீறல் விளிம்பில் இந்த அழுத்தம் 30,000 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் வெறும் 100 பாஸ்கல்.

எதிரே நிற்பது பாகுநிலை. பனிக்கட்டிக்கு இருப்பது போல ‘இதற்கு மேல் திரவம்’ என்று சொல்ல ஒரு உருகுநிலை கண்ணாடிக்குக் கிடையாது. அடுப்பில் ஏறும் வெல்லப்பாகு போல, சூடு ஏற ஏற அதன் பதம் படிப்படியாக மாறுகிறது. நெருப்பு மெருகுக்குரிய 700 முதல் 720 டிகிரி வரையிலான வெப்பத்தில், ஒட்ட உருக்கும் கண்ணாடியின் பாகுநிலை ஏறத்தாழ பத்து லட்சம் பாஸ்கல்-நொடி. அறைவெப்பத் தண்ணீரைப் போல நூறு கோடி மடங்கு. கண்ணுக்கு அது இன்னமும் திடப்பொருள்தான்.

பாகுநிலையை ஆரத்தால் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தால், ஒரு மேடோ பள்ளமோ சமனாக ஆகும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்வதை விளக்க சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் ஃப்ரெங்கல் 1945-இல் முன்வைத்த கணக்கும் இந்த வழியில் போவதுதான். நம் துண்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மைக்ரான் கீறலுக்கு அரை நிமிடம் போதும். ஐம்பது மைக்ரான் குழிக்கு மூன்று நிமிடம். அரைக்கும்போது ஓரத்தில் பெயர்ந்த 0.3 மில்லிமீட்டர் சில்லுக்குப் பதினேழு நிமிடம். மூன்று மில்லிமீட்டர் வளைவுள்ள வடிவம் குலைய ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

சூளையைப் பத்து நிமிடம் அந்த வெப்பத்தில் நிறுத்துவதன் சூட்சுமம் இவ்வளவுதான். சிறியவை எல்லாம் அழிந்துவிட்டன. பெரியவற்றுக்கு இன்னும் நேரம் வரவில்லை. சில்லு மட்டும் பாதி ஆறிய புண்ணாகத் தெரியும். அதனால்தான் சில்லை முன்கூட்டியே அரைத்து எடுத்துவிட வேண்டும், நெருப்பை நம்பி விட்டுவிடக் கூடாது என்பார்கள் பட்டறைக்காரர்கள்.

நேரத்தைவிட வெப்பம் கறாரானது. இந்த எல்லையில் 40, 50 டிகிரி ஏறினாலே பாகுநிலை பத்தில் ஒன்றாகிவிடும். 715-இல் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்த வடிவம் 760 டிகிரியில் இருபது நிமிடத்திலும், 800 டிகிரியில் ஐந்தாறு நிமிடத்திலும் குலைந்துவிடும். மெருகேற்றுவதற்கும் முழுசாக உருக்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி நூறு டிகிரி கூட இல்லை. சூளைக்குள் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால்கூட, ஒரே தட்டில் இருந்த துண்டுகளில் சில மங்கலாகவும் சில மழுங்கியும் வரும்.

வடிவம் குலைந்தால் எந்த வடிவத்துக்குப் போகும் என்பதையும் அளவுதான் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயை முக்கோண அரத்தால் கீறி ஒடித்து, வெட்டுமுனையைப் புன்சன் சுடரில் காட்டித் திருப்பியவர்களுக்கு இது தெரியும். கூர்முனை உடனே மழமழப்பாகும். மறந்துபோய்ப் பிடித்துக்கொண்டே இருந்தால் குழாயின் வாய் சுருங்கிச் சுருங்கி மூடியே போய்விடும். சூளையிலும் இதே இழுவிசைதான். மூன்று மில்லிமீட்டர் தகட்டுத் துண்டை 800 டிகிரியில் விட்டால் ஓரம் உள்ளே சுருங்கி, நடு தடிக்கும். நான்கு அடுக்கு வைத்தால் ஓரம் வெளியே பரவும். மெல்லியதும் தடித்ததும் கடைசியில் ஆறேழு மில்லிமீட்டர் தடிமனை நோக்கியே நகரும். புவியீர்ப்பு தட்டையாக்கப் பார்க்கிறது, பரப்பு இழுவிசை உருட்டப் பார்க்கிறது. இரண்டும் சமாதானம் ஆகும் தடிமன் அது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு துணுக்குகளில் புவியீர்ப்புக்குப் பேச்சே இல்லை. அவை குண்டுமணிகளாக உருண்டுவிடும்.

இதே ஆறேழு மில்லிமீட்டர், உலகத்து ஜன்னல்களின் வரலாற்றிலும் தலைகாட்டியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவரை நல்ல தட்டைக் கண்ணாடி வேண்டுமென்றால் வார்த்து, இரு பக்கமும் அரைத்து, மெருகேற்ற வேண்டும். உருகிய கண்ணாடியைத் தகடாக இழுத்தால் நெருப்பு மெருகு இலவசம், ஆனால் பரப்பு அலை அலையாக வரும். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் அலஸ்டைர் பில்கிங்டன் கண்ட வழி, உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிடுவது. அடியில் திரவ உலோகம், மேலே வெப்பவாயு. இரு பக்கமும் திடப்பொருள் எதுவும் தொடாமலே கண்ணாடி சமனாகி ஆறியது. 1959-இல் அந்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. குளத்தில் தானாக நிலைக்கும் தடிமன் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சந்தையில் நன்றாக ஓடிய ஆறு மில்லிமீட்டர் தகட்டுக்கு அது பக்கத்தில் இருந்தது பில்கிங்டனின் அதிர்ஷ்டம். இன்று நாம் எட்டிப் பார்க்கும் ஜன்னல்களில் பெரும்பாலானவை இந்த வகை மெருகு ஏறியவை.

பளபளப்பு ஒரு பலன்தான். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: மெருகேறிய துண்டு உடையாமல் தாங்கும் பலம்.

விரிசல் ஒன்றின் நுனியில் விசை எப்படிக் குவிகிறது என்பதைச் சார்லஸ் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டார். விரிசலின் ஆழத்தை நுனியின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் விசை எத்தனை மடங்காகிறது என்று தெரியும். இருபது மைக்ரான் ஆழக் கீறலின் நுனி ஆரம் ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே விசை தொண்ணூறு மடங்கு. அதே கீறல் நெருப்பில் மழுங்கி, நுனி ஆரமும் இருபது மைக்ரான் ஆகிவிட்டால் மூன்றே மடங்கு. ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆலன் கிரிஃபித் கண்ணாடி இழைகளை இழுத்துச் சோதித்து, 1921-இல் வெளியான கட்டுரையில் இதை இன்னும் கொண்டுபோனார். கண்ணாடி உடைவது அதன் பொருளில் உள்ள பலவீனத்தால் அல்ல, அதில் ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல்களால் என்பது அவர் நிறுவியது. அரவைச் சக்கரம் அத்தகைய விரிசல்களை ஓரம் முழுக்க விதைத்துவிட்டுப் போகிறது. கண்ணாடி டம்ளர்களின் வாய்விளிம்பைத் தொழிற்சாலைகளில் சுடரில் காட்டி எடுப்பதற்கு, உதட்டைக் காப்பதோடு இந்தக் காரணமும் சேர்ந்திருக்கிறது.

இனி சூளைக்குள். துண்டு அறைவெப்பத்திலிருந்து 540 டிகிரி தாண்டும்வரை உடையக்கூடிய திடப்பொருள். ஆகவே அவசரப்படக் கூடாது. ஓரம் முன்னதாகவும் நடு பின்னதாகவும் சூடேறினால் வெடிக்கும். சிறு துண்டுகளுக்கு இந்த ஆபத்து குறைவு என்பதால் மணிக்கு 200 டிகிரி வேகம் தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் வேகமாகவே ஏற்றலாம். 700-ஐ நெருங்கும்போது உள்ளே எல்லாம் மங்கிய செந்நிறத்தில் ஒளிரும். வெப்பக்கதிர் தடுக்கும் கண்ணாடி அணிந்து பார்வைத் துளை வழியாகப் பார்த்தால், துண்டின் அரைத்த ஓரத்தில் முதலில் எதுவும் பிரதிபலிக்காது. சில நிமிடத்தில் சூளைச் சுவரில் ஓடும் மின்கம்பிச் சுருளின் பிம்பம் கலங்கிய ஆரஞ்சுக் கறையாக அதில் தோன்றும். கறை ஒடுங்கிக் கோடாகி, கோடு கூர்மையானதும் மெருகு ஏறிவிட்டது என்று அர்த்தம். அனுபவசாலிகள் வெப்பமானியை நம்புவதைவிட அந்தக் கோட்டை அதிகம் நம்புவார்கள்.

இந்த 700-க்கும் 760-க்கும் நடுப்பட்ட வெப்பத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணாடிக்குள் ஒழுங்கின்றிக் கிடக்கும் அணுக்கள் வரிசை கட்டிப் படிகமாக மாறுவதற்கு வாகான சூடு இது. படிகம் தொடங்க ஒரு பொட்டுத் தூசி போதும். அரைத்தபோது குழிகளில் தங்கிய கண்ணாடி மாவு, விரல் ரேகையின் எண்ணெய், கழுவிய தண்ணீரில் இருந்த உப்பு, எதுவும் வித்தாகலாம். மெருகு ஏறவேண்டிய பரப்பில் வெண்புகை படிந்தது போல ஒரு மூட்டம் கட்டிவிடும். அரைத்த துண்டை உலரவிடாமல் தண்ணீரில் போட்டு வைத்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுவது இதற்காகத்தான். மாவு ஒரு முறை காய்ந்து குழிக்குள் இறுகிவிட்டால் எளிதில் வராது. இன்னொரு தடுப்பு, பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரம். அது கலந்த கரைசலை மெல்லப் பூசினால், குறைந்த சூட்டிலேயே உருகும் ஒரு மெல்லிய ஏடு மேலே படர்ந்து, படிகம் கட்ட இடம் தராது.

ஜன்னல் கண்ணாடியை வெட்டி நகை செய்ய முயல்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. அது சீக்கிரம் படிகம் கட்டும் வகை. போதாக்குறைக்கு, வெள்ளீயக் குளத்தைத் தொட்ட பக்கத்தில் வெள்ளீயத்தின் சுவடு ஒட்டியிருக்கும். மறுபடி சூடாக்கும்போது அந்தப் பக்கம் சுருக்கம் விழுந்து மங்கிவிடுவது உண்டு. வெறும் கண்ணுக்கு எந்தப் பக்கம் எது என்று தெரியாது. குறுநீளப் புறஊதா விளக்கின் முன் பிடித்தால் வெள்ளீயப் பக்கம் மட்டும் பால்நிறத்தில் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மேற்பக்கம் இப்படியெல்லாம் பளபளத்தாலும் அடிப்பக்கம் மங்கலாகவே வரும். உருகிய கண்ணாடி தட்டில் ஒட்டாதிருக்க அலுமினா, சீனாக்களிமண் கலந்த பூச்சையோ பீங்கான் இழைக் காகிதத்தையோ போடுவார்கள். கண்ணாடி இளகும்போது அந்தச் சொரசொரப்பு அச்சாகப் பதிந்துவிடுகிறது. பதக்கம் என்றால் பரவாயில்லை, அடிப்பக்கம் சட்டையைப் பார்த்துத்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் தெரியும் மணிக்கு என்ன செய்வது?

அதற்கு இந்தியாவின் மணிக்காரர்கள் கண்ட வழி சாம்பல். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில், உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, சிறு சிறு துண்டாக நறுக்கிய பிறகு, அந்தத் துண்டுகளைச் சாம்பலோடு பிரட்டிச் சட்டியில் போட்டு உலைச்சூட்டில் கிளறுவார்கள். மணி ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் இந்த முறையை நேரில் கண்டு பதிவு செய்தார். சாம்பல் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கிவைக்கிறது. துளைக்குள் புகுந்துகொண்டு, ஆய்வகக் குழாயின் வாய் போலத் துளை மூடிக்கொள்ளாமல் காக்கிறது. கிளறும்போது மணிகள் புரண்டுகொண்டே இருக்க, எல்லா முனையும் சமமாக மழுங்குகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடத்தில், ஏராளமாகக் கிடைத்திருக்கும் சிறு மணிகள் இப்படி இழுத்த குழாயிலிருந்து நறுக்கிச் செய்தவை. ஈராயிரம் ஆண்டு பழமையான அவற்றின் வெட்டுமுனைகளிலும் இந்த மழுங்கலைப் பார்க்கலாம். அதே இனத்து மணிகள் தென்கிழக்காசியா வரை கடலோரமெங்கும் கிடைப்பதால் ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று ஃபிரான்சிஸ் பெயர் வைத்தார். வெனிஸ் பட்டறைகளிலும் சட்டியில் வாட்டி மணி உருட்டும் இதே வழக்கம் இருந்தது.

மெருகு ஏறியதும் சூளையை அணைத்துவிட்டுப் போக முடியாது. வெளிப்புறம் முன்பே ஆறி இறுகிவிட, உட்புறம் பின்னர் சுருங்கினால், துண்டுக்குள் இழுபறி உறைந்து நின்றுவிடும். இன்று முழுசாக இருக்கும் காதணி, ஒரு மாதம் கழித்துப் பெட்டிக்குள்ளேயே இரண்டாகக் கிடக்கும். ஆகவே புல்ஸ்ஐ வகைக் கண்ணாடியை 482 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு 370 டிகிரி வரை மெதுவாக ஆற்றுவார்கள். தடிமன் இரட்டித்தால் ஆற்றும் காலம் நான்கு மடங்காகும். அமெரிக்காவின் பாலோமர் தொலைநோக்கிக்காகக் கார்னிங் நிறுவனம் 1934 டிசம்பரில் வார்த்த ஐந்து மீட்டர் அகல வட்டு, சுமார் இருபது டன் எடை, பத்து மாதம் ஆறியது. காதணிக்கு ஓர் இரவு போதும்.

சரியாக ஆறியதா என்று பார்க்க, ஒளியை வடிக்கும் போலராய்டு தாள் இரண்டைக் குறுக்காக வைத்து நடுவில் துண்டைப் பிடிக்கலாம். இழுபறி இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இழுபறி இருந்தால் அந்த இடம் வெளிச்சமாகும். அப்படி மாட்டிக்கொண்ட துண்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, மறுபடி 482 டிகிரியில் வைத்தால் போதும். அந்த வெப்பத்தில் கண்ணாடியின் பாகுநிலை, மெருகேற்றும்போது இருந்ததைப் போல ஒரு கோடி மடங்கு. உள்ளே உறைந்த இழுபறி தளர அப்போதும் ஐந்தாறு நிமிடமே ஆகிறது. ஏனென்றால் அதற்கு அணுக்கள் இம்மியளவு நகர்ந்தால் போதும். ஆனால் சோதிக்கும்போது கைதவறி ஒரு கீறல் விழுந்திருந்தால் அதற்கு அங்கே வைத்தியம் இல்லை. முன்பு அரை நிமிடத்தில் மறைந்த அதே பத்து மைக்ரான் கீறல் 482 டிகிரியில் மறையப் பத்து ஆண்டு ஆகும். அதை மறுபடி கழுவி, மறுபடி 715 டிகிரிக்கு ஏற்றியாக வேண்டும்.